திருப்பதி போகாத மொட்டை

எனக்கு மொட்டை அடித்தது என் கணவர். திருப்பதியில் அல்ல, எங்கள் வீட்டுக் குளியலறையில், அவர் தாடி ஒதுக்கும் டிரிம்மரால். மகள் பிளேஸ்கூலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என்னை முக்காலியில் உட்காரவைத்து, பழைய பெட்ஷீட்டைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "கிருதா வைக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது சரிதானா என்று உடனே கவலையும் வந்தது.

நான் அப்படித்தான். ஒரு முறை யோசித்து முடிவெடுப்பேன். இரண்டாம் முறை யோசித்து அதை மாற்றுவேன். மூன்றாம் முறை யோசித்து முதல் முடிவுக்கே திரும்புவேன். பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம். அப்பேர்ப்பட்ட நான், என் இடது மார்பில் இருந்த கட்டியை மட்டும் ஒரு நாள் குளிக்கும்போது தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். இதை வைத்து என் கணவர் இன்றுவரை கேலி செய்கிறார். கேலி செய்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அறுவை சிகிச்சை முடிந்தது. அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ என்றார்கள். முதல் கீமோ முடிந்து கொஞ்ச நாளில் தலையணை முழுக்க முடி. சாம்பாரில் முடி. மகளின் பால் டம்ளரில் முடி. அதனால்தான் டிரிம்மர்.

மகளுக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஆஸ்பத்திரியில் ஒரு கவுன்சிலர் பெண் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். சின்ன வார்த்தைகளில் சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லுங்கள், யார் தப்பும் இல்லை, ஒட்டிக்கொள்ளாது என்று சொல்லுங்கள். நான் கடமை தவறாத மாணவி. பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதுபோலத் தயார் செய்து, கணவரை மகளாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே அவர், "அம்மா, பசிக்குது" என்றார்.

"விளையாடாதீங்க."

"நான் விளையாடல. அவ இப்படித்தான் சொல்லுவா."

அத்தோடு ஒத்திகை நின்றது. தலையில் ஒரு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டேன். மகள் கேட்டதற்கு, "ஸ்டைலு" என்றேன். அவளும் ஏற்றுக்கொண்டாள். சொல்வதற்கு நல்ல நாள் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அவள் அழக்கூடாது என்று, யாராவது அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் மெட்ரோ ரயில் காட்டுவார்கள். அந்த இடைவெளியில் நான் பூனைபோல நழுவிவிடுவேன். எங்கள் குடும்பத்தில் குழந்தை வளர்ப்பு என்றால் அதில் பாதி இந்த நழுவல்தான்.

மகளின் முடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அவளுடைய முடி அல்ல, சாமி முடி. ஒரு வயதில் திருப்பதியில் இறக்குவதாக வேண்டிக்கொண்டது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும். தாய்மாமனோ துபாயில் லீவு கிடைக்காமல் இருந்தான். இரட்டைப்படை வயதில் கூடாது என்பதால் மூன்றாம் வயதுக்குத் தள்ளிப்போனது. மூன்றாம் வயதில்தான் என் கட்டி வந்து சேர்ந்தது. அதுவரை அந்த முடியில் கத்தரி படக்கூடாது. இடுப்புவரை வளர்ந்து, தினமும் காலையில் சிக்கெடுக்கும்போது வீடே அலறும். அவளைச் சமாதானப்படுத்த நாங்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வோம்: "நாம எல்லாரும் சேந்து திருப்பதி போவோம். நீ மாமா மடில உக்காருவே. மொட்டை அடிச்சு சந்தனம் பூசுவாங்க. பெரிய லட்டு குடுப்பாங்க." அந்த லட்டுக்காகவே அவள் இத்தனை நாள் சீப்பைப் பொறுத்துக்கொண்டாள்.

கீமோ நாட்களில் உதவிக்கு வருபவர் என் கணவரின் அக்கா. கோலார் தங்கவயலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்துவிடுவார். என் அம்மாவால் ஆம்பூரில் படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு வர முடியவில்லை. கணவரின் அக்காவை நான் அண்ணி என்பேன். அவர் என்னை, "இன்னாம்மா, இன்னிக்கு எதுக்கு பயம்?" என்றுதான் விசாரிப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல.

இரண்டாவது கீமோவுக்கு இரண்டு நாள் முன்பு நானும் அண்ணியும் மகளும் லிஃப்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாடியில் கன்னட ஆண்ட்டி ஒருவர் ஏறினார். மகளின் ஷூ பட்டை கழன்றிருந்தது. அதை ஒட்ட நான் குனிந்தேன். எட்டும் தூரத்தில் ஸ்கார்ஃபின் நுனி தெரிந்தால் எந்தக் குழந்தைதான் இழுக்காது?

லிஃப்டில் நான்கு பக்கமும் கண்ணாடி. எல்லாப் பக்கத்திலும் என் மொட்டை.

மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஆண்ட்டியோ பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினார். "திருப்பதிகே ஹோகித்ரா?" என்றார், முகமெல்லாம் மலர்ந்து.

திருப்பதிக்குப் போயிருந்தீர்களா என்கிறார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். நான் வழக்கம்போல இரண்டாம் முறை யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணி கண்ணைக்கூட இமைக்காமல், "ஹௌது" என்றார். ஆமாம் என்றே சொல்லிவிட்டார்.

"லட்டு எல்லி?"

லட்டு எங்கே என்று கேட்பது இந்த ஊரில் உரிமை. அண்ணி, நாளைக்குத் தருகிறோம் என்று கன்னடத்தில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு, என் தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அண்ணி இப்படி?"

"திருப்பதின்னா லட்டு கேப்பாங்க. கான்சர்னா கதை கேப்பாங்க. லட்டு ஈஸி."

கணக்கு டீச்சர் கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன் என்னைப் பார்த்து "கோவிந்தா" என்று கும்பிட்டார். நானும் பயத்தில் கும்பிட்டேன்.

நாங்கள் இருவருமே கணக்கில் சேர்க்காத ஆள் ஒருத்தி லிஃப்டில் இருந்தாள். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் சீப்பை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். வரவில்லை. சோபாவின் ஓரத்தில் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தொடாதே."

"ஏண்டி?"

"நீ என்னை விட்டுட்டுத் திருப்பதி போயிட்டே."

"இல்லடி தங்கம்..."

"அத்தை சொன்னா. நான் மாடில ரயில் பாக்கும்போது போயிட்டே. லட்டும் நீயே தின்னுட்டே."

வழக்கு பலமாக இருந்தது. நான் சொல்லாமல் போனது உண்மை. மொட்டையோடு இருப்பது உண்மை. சாட்சி சொன்னதோ அத்தை. லட்டு மட்டும்தான் இல்லை, அதையும் நான் தின்றுவிட்டதாக முடிந்தது. என் கணவர் எனக்காக வாதாட வந்து, "அம்மா போகலடா, அம்மா ஆஸ்பத்திரிதான் போனா" என்றார். "அப்ப முடி?" என்றாள்.

லட்டு போனால் போகட்டும். "என்னை விட்டுட்டுப் போயிட்டே" என்ற அந்த ஒரு வரிதான் என்னைத் தைத்தது. கட்டி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்ததே அந்த வரிக்குத்தான். ஒருவேளை நாளைக்கு நான் இல்லாமல் போனால், அவள் மனதில் தங்கப்போவது இதுவா? அவளை ஏமாற்றிவிட்டு, சொல்லாமல், தனியாக நல்ல இடத்துக்குப் போன அம்மாவா?

மறுநாளும் சீப்பு நெருங்க முடியவில்லை. பறவை கூடு கட்டிய மாதிரித் தலையோடு பிளேஸ்கூலுக்குப் போனாள். வீட்டில் எல்லாம் சரிதானே என்று மிஸ் மெசேஜ் அனுப்பினாள். சரிதான் என்று பதில் அனுப்பினேன். பிறகு அந்தப் பதில் சரிதானா என்று யோசித்தேன்.

கீமோ நாள் காலையில் அண்ணி அவளை மாடிக்குக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், என் செருப்பில் ஒன்றைக் காணோம். ஷூ ஸ்டாண்டில் தேடினோம், சோபாவின் அடியில் தேடினோம். மகள் கைகட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"டேய், உன் பொண்டாட்டி செருப்பைப் பாத்தியா?" என்றார் அண்ணி, தம்பியிடம்.

"நான் ஒளிச்சுட்டேன். திருப்பதிக்கு செருப்பில்லாம போக முடியாது" என்றாள் மகள்.

கேப் கீழே வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணியின் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவள் அழ அழப் போனேன். அண்ணியின் கால் என் காலைவிடப் பெரியது. ஆஸ்பத்திரியில் டப் டப்பென்று நடந்து போனேன். ரோஸ் மில்க் நிறத்தில் ஒரு மருந்து உண்டு. அதை நர்ஸ் மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தபோது, கவுன்சிலர் பெண் வந்து, "குழந்தையிடம் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். "பாதி" என்றேன். எந்தப் பாதி என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

திரும்பி வந்து நான்கு நாள் படுக்கை. மகளுக்குச் சளி பிடித்திருந்ததால் என் பக்கத்தில் விடவில்லை. அறை வாசலில் நின்று என்னை உற்றுப் பார்ப்பாள். கோபமா, கவலையா என்று தெரியவில்லை. எனக்கு வாயெல்லாம் புண், நாக்கில் இரும்புச் சுவை. அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றால் அது வேறு மாதிரி வந்தது.

இதற்கு நடுவில் மூன்றாவது மாடி ஆண்ட்டி அண்ணியை இரண்டு முறை லட்டுக்கு மடக்கிவிட்டார். கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். அண்ணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வருஷா வருஷம் திருப்பதி போற பொம்பளைடா அது. வாயில போட்டதும் எந்தத் தெரு கடைன்னு சொல்லிடும். நானே செய்யறேன்."

சனிக்கிழமை காலையில் சமையலறை லட்டுத் தொழிற்சாலை ஆனது. கடலை மாவு, பூந்திக்கரண்டி, நெய், முந்திரி, திராட்சை, கல்கண்டு. நெய் வாசனை எனக்குக் குமட்டியதால் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே கத்தினேன்: "அண்ணி, சாமி பேரைச் சொல்லிப் போலிப் பிரசாதம் செய்யலாமா? பாவம் இல்லையா?"

"நீ சாமி பேர்ல போலி மொட்டை போட்டியே, அது?"

"நான் எங்க போட்டேன்? நீங்கதானே சொன்னீங்க!"

"சரி, உன் பாவம் பாதி, என் பாவம் பாதி. பச்சைக் கற்பூரம் எங்க வெச்சிருக்கே?"

எனக்கு உண்மையாகவே பயம். இருக்கிற நிலைமையில் ஏழுமலையானையும் பகைத்துக்கொள்ள வேண்டுமா? போனை எடுத்துத் தேடலாமா என்றுகூட யோசித்தேன். எப்படித் தேடுவது என்றுதான் தெரியவில்லை.

சளி விட்டிருந்த மகள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அத்தை சூட்டோடு பூந்தியை அள்ளி, உள்ளங்கை கொள்ளாத அளவுக்கு உருட்டுவதை ரொம்ப நேரம் பார்த்திருக்கிறாள். பிறகு அவள் குரல் கேட்டது.

"அத்தை, இது என்ன?"

"திருப்பதி லட்டுடா செல்லம்."

"திருப்பதி எங்க இருக்கு?"

"மலை மேல."

"இது நம்ம வீட்டு அடுப்பு."

வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அடக்கி ஆளும் டீச்சர், "இந்தா, பூந்தி தின்னு" என்றார். கொஞ்ச நேரத்தில் மகள் கை நிறையப் பூந்தியோடு பால்கனிக்கு வந்தாள். அந்த வாரம் முதல் முறையாக, கூப்பிடாமல் வந்தாள்.

"நீ திருப்பதி போகல."

"போகல."

"அத்தை பொய் சொன்னா."

"ஆமா."

உள்ளேயிருந்து, "என்னை எதுக்கு மாட்டிவிடறே?" என்று ஒரு குரல் வந்தது.

"அப்ப உன் முடி எங்க?"

ஒத்திகை பார்த்த பேச்சு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "குப்பைல போட்டோம். அப்பாதான் வெட்டினார்" என்றேன்.

"ஏன்?"

"தானாவே கொட்டிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரில எனக்கு ஒரு மருந்து ஏத்தறாங்க, அதனால. என் மாருல ஒரு கட்டி இருந்துச்சு, அதுக்கு அந்த மருந்து. அந்த நோய்க்குப் பேரு கான்சர்."

"கான்சர்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள், புது மிட்டாயை வாயில் உருட்டிப் பார்ப்பதுபோல. பூந்தியைத் தின்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான் உன் மேல குதிச்சேன் இல்ல, அதனாலயா?" என்றாள்.

நான் எதற்கெல்லாமோ முன்கூட்டிப் பயந்தவள். இந்தக் கேள்வி அந்த வரிசையில் இருக்கவில்லை.

"இல்லடி. உன்னால இல்ல. யாராலயும் இல்ல. ஒட்டிக்கவும் செய்யாது."

"ம்." நெய்க் கையால் என் தலையைத் தடவினாள். "சொரசொரன்னு இருக்கு. எனக்கும் அந்த மருந்து போடச் சொல்லு. சீவ வேணாம்."

"முடி மறுபடி வரும். வந்தா சீவித்தான் ஆகணும்."

அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. யோசித்தாள். "சொல்லாம ஏன் போறே?"

"நீ அழுவேன்னுதான்."

"நான் அழுவேன். நீ சொல்லிட்டுப் போ."

நான் மூன்று முறை யோசிக்கவில்லை. சரி என்றேன்.

"திரும்பி வருவியா?"

"ஆஸ்பத்திரி போற அன்னிக்கு சாயங்காலமே வந்துடுவேன்." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. மீதிப் பூந்தியை என் வாயில் திணித்தாள். புண்ணில் பட்டு எரிந்தது. விழுங்கினேன்.

அன்று மாலை அண்ணி டப்பாவில் லட்டு வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார். நடந்ததை அண்ணி வந்து சொல்லித்தான் தெரியும். ஆண்ட்டி ஒரு லட்டை பூஜை அறையில் வைத்தார். இன்னொன்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, தரிசனம் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார். அப்போது எங்கள் அரிச்சந்திரி அழகான கன்னடத்தில், இது திருப்பதி லட்டு அல்ல, எங்கள் அத்தை செய்தது, அம்மாவின் முடி கான்சர் மருந்தில் போனது, முடி குப்பையில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் அறிவித்துவிட்டாள்.

"பூமி பொளந்துடாதான்னு இருந்துச்சு" என்றார் அண்ணி. "அந்தம்மா வாயில லட்டு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. எனக்கு ஒரே பேஜாரு. அப்புறம் முழுங்கிட்டு, சென்னாகிதேன்னாங்க."

நன்றாக இருக்கிறது என்று சொன்னதோடு விட்டிருந்தால் அவர் ஆண்ட்டியே அல்ல. மறுநாள் டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று, காரமில்லாத தயிர் சாதம் நிறைத்து எடுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். முதலிலிருந்து கடைசிவரை கதை கேட்டார். அவர் ஓரகத்தியின் கதையையும் சொன்னார். சாயங்கால விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. "நான்தான் சொன்னேனே, கதை கேப்பாங்கன்னு" என்று அண்ணி சமையலறையிலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் அந்தத் தயிர் சாதம்தான் அந்த வாரம் எனக்கு வயிற்றில் தங்கிய முதல் சாப்பாடு. பூஜை அறையில் வைத்த லட்டை ஆண்ட்டி என்ன செய்தார் என்று கேட்க இதுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து சீப்புக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: முதலில் என் தலையைத் தடவிப் பார்த்து, "இன்னும் வரல" என்று சொன்ன பிறகுதான் அவள் தன் தலையைக் கொடுப்பாள். எனக்கு முடி வளர்ந்த பிறகு, இரண்டு பேருமாகச் சேர்ந்து திருப்பதியில் மொட்டை போட்டுக்கொள்வதாக அவளே முடிவு செய்திருந்தாள். வளர்வதே கொடுத்துவிடத்தான் என்றால் வளர்ந்து என்ன பயன் என்று என் கணவர் கேட்டார். அதை அவர் அவளிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். அவருக்கும் உயிர் மேல் ஆசை இருக்கிறது.

மூன்றாவது கீமோ நாள் வந்தது. மாடிக்கு யாரும் ரயில் பார்க்கப் போகவில்லை. நான் மண்டியிட்டு உட்கார்ந்து, "அம்மா இப்ப ஆஸ்பத்திரி போறேன். மருந்து ஏத்துவாங்க. சாயங்காலம் வந்துடுவேன்" என்றேன். சொன்னபடியே அழுதாள், நன்றாக, மூக்கு ஒழுக. இப்படிச் சொல்லிவிட்டுப் போவது சரிதானா, பேசாமல் நழுவியிருக்கலாமா என்று எனக்கு மறுபடி ஆரம்பித்தது. கேப் ஹாரன் அடித்தது. நான் அண்ணியின் பெரிய செருப்பில் காலை நுழைத்தேன்.

"இரு" என்றாள்.

அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. நாங்கள் மூன்று பெரியவர்கள் வாரக்கணக்கில் தேடிக் கிடைக்காத செருப்பை, ஒட்டடையும் தூசியுமாகத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் ஜோடிக்குப் பக்கத்தில் இடம் வலம் மாற்றி வைத்தாள். நான் போட்டுக்கொள்ளும்வரை நின்று பார்த்தாள். ஸ்கார்ஃபைத் தூக்கித் தலையை ஒரு முறை தடவிச் சோதித்தாள். லிஃப்ட் பட்டனை அவளே எட்டி அழுத்தினாள்.

"போயிட்டு வா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "லட்டெல்லாம் வேணாம்."